கட்டையை எப்போது எடுக்கிறார்கள்?

இந்த இனத்தைக் காலையில் அடையாளம் காண முடியாது. காலையில் இவர்கள் உங்களையும் என்னையும் போலவே பல் தேய்ப்பார்கள், சட்னி போதவில்லை என்பார்கள், செருப்பைத் தேடுவார்கள். நண்பகலிலும் தெரியாது. மாலை நாலரை ஆகட்டும், அப்போது பாருங்கள். கழுத்து தானாக மேற்கே திரும்பும். பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நிற்கும். "லைட் வந்துருச்சு" என்று, நெடுநாள் காத்திருந்த சம்பந்தி வாசலில் வந்து இறங்கியதைப்போல ஒரு குரல் வரும். அடுத்த நிமிடம் தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு பை, அதற்குள் துணி சுற்றிய ஒரு கண்ணாடிக் குழாய், கையில் மூன்று கால் கொண்ட ஒரு கம்பி. ஆள் மறைந்துவிடுவார். எங்கே? ஏதாவது ஒரு கரையில், ஏதாவது ஒரு மக்கிப்போன மரக்கட்டையின் முன்னால், குப்புற.

இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் மாலைக்கட்டையர்.

கடலோரத்து ஊர்களில் இந்த இனம் பெருகுவதில் வியப்பில்லை. அலை கட்டையைக் கொண்டுவந்து போடுகிறது, இவர்கள் படுத்துப் படம் எடுக்கிறார்கள். ஆனால் மலையாள எல்லைக்குள் ஓரமாக இருக்கும் எங்கள் நல்லேப்பிள்ளிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஜில்லாவே காலை நீட்டிப் படுத்திருக்கிறதே, இங்கே எப்படி என்று கேட்பீர்கள். சித்திரை வெயிலில் எங்கள் அணைக்கட்டில் தண்ணீர் இறங்கும். உள்ளே முழுகிக் கிடந்த மரமெல்லாம் தூரும் வேருமாக வெளியே வந்து, வெள்ளி பூசினாற்போல் வெளுத்துக் கிடக்கும். சுற்றிலும் சேறு, நாலு எருமை, ஓர் ஓட்டைப் பரிசல். இதைத்தான் அவர்கள் 'பீச்' என்கிறார்கள். எருமைகள் மறுப்புச் சொல்லவில்லை.

நமக்கு வெயில் என்றால் வெயில். அவர்களுக்கு அது நாலைந்து வகை. உச்சி வெயில் 'ஹார்ஷ்'. மூன்று மணி வெயில் 'ஃப்ளாட்'. மேகம் வந்தால் 'டல்'. நாள் முழுக்கச் சூரியன் உழைத்தும் அவர்களிடம் பாஸாவது கடைசி ஒரு மணி நேரத்தில்தான். சரி, கரைக்குப் போனதும் எடுத்துவிடுவார்களா? அவ்வளவு எளிதா! முதலில் கட்டையை மூன்று முறை வலம் வர வேண்டும். எறும்பை ஊத வேண்டும். இயற்கையாக இருக்கட்டும் என்று ஒரு சருகைத் தேடி எடுத்து வந்து மேலே வைக்க வேண்டும். செயற்கையாக இருக்கிறதே என்று எடுத்து எறிய வேண்டும். பிறகு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல, "இது பேசுது" என்று சொல்ல வேண்டும். கட்டை பேசுவது கேட்கிற அந்தக் காதுக்கு, கேஸ் தீர்ந்துவிட்டது என்று மூன்று நாளாக மனைவி சொல்வது மட்டும் கேட்காது.

இவர்களை வீட்டு விசேஷத்துக்கு அழைத்துப் படம் எடுக்கச் சொன்னால் என்ன கிடைக்கும்? பந்தல்கால் கிடைக்கும். தேரோட்டத்துக்கு அனுப்பினால் சக்கரத்தின் வெடிப்பு கிடைக்கும். எங்கள் தெருவில் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்கு இப்படி ஒருவன் நானூறு படம் எடுத்தான். அத்தனையிலும் தேடினால் உயிருள்ளதாக அகப்பட்டது ஒரு கரையான் மட்டும்தான். அதுவும் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் வாழும் காளிச்சாமியைத்தான் சொல்கிறேன். நாற்பத்தெட்டு வயது, அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். இணையத்தில் அவன் பெயர் 'காளி கிளிக்ஸ்'. அவனுடைய லென்ஸ் எவ்வளவு நீளம் என்றால், வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினால் லென்ஸ் அடுத்த ஊரான கொழிஞ்சாம்பாறையைத் தாண்டிய பிறகுதான் காளிச்சாமி எங்கள் தெருமுனையைத் தாண்டுவான். நான் மிகைப்படுத்துவதாக நினைத்தால் கொழிஞ்சாம்பாறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காளிச்சாமிக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. சந்தையில் கீரை விற்கும் யாரோ ஒரு கிழவியின் சுருக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, 'காலத்தின் கையெழுத்து' என்று எழுதிப் போட்டான். ஊரே பாராட்டியது. அவனைப் பெற்ற பொன்னாத்தாளுக்கும் வயது எழுபத்தெட்டு. சுருக்கத்துக்குப் பஞ்சமில்லை. மூன்று மாதமாக அவள் மகனிடம் கேட்டது ஒரே ஒரு படம்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. அவள் புருஷன் போனபோது சுவரில் மாட்ட ஒரு படம் இல்லை. ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்துப் படத்திலிருந்து அவர் தலையைப் பிரித்துப் பெரிதாக்கினார்கள். தோளில் யாரோ போட்டிருந்த கை மட்டும் பிரிய மறுத்துவிட்டது. இருபது வருஷமாக அந்த மனிதர் யாருடையதென்று தெரியாத ஒரு கையோடு சுவரில் இருக்கிறார். பொன்னாத்தாளுக்கோ இப்போது நெஞ்சில் கோளாறு. திங்கட்கிழமை ஆபரேஷன். எழுந்தாலும் எழலாம், எழாமலும் போகலாம் என்று டாக்டர் நாசூக்காகச் சொல்லியிருந்தார்.

"ஆதார் கார்டுல இருக்கறதப் பெருசாக்கி மாட்டீராதீங்க கண்ணு," என்று மருமகள் முருகேஸ்வரியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். "அதுல கோழி திருடிப் புடிபட்டவளாட்ட இருக்கறேன். இந்தக் கட்டைக்கு ஒரு நல்ல படம் வேணும். நானே ஒருக்காப் பாத்துட்டுப் போயர்றேன்."

இந்தக் கட்டை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொன்னாத்தாள் தன்னை 'நான்' என்று சொல்வது அபூர்வம். இந்தக் கட்டைக்கு ஒரு வாய் காப்பி, இந்தக் கட்டைக்கு முட்டி வலி. வீட்டில் கட்டை என்றால் அவள்தான். காளிச்சாமிக்கு மட்டும் அது வேறு.

"வெளிச்சம் சரியில்லம்மா" என்பான் அவன். தை போயிற்று, மாசி போயிற்று, பங்குனியும் போயிற்று. வெளிச்சம் சரியாகவே இல்லை.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். காளிச்சாமி முற்றத்தில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். கைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. மறுமுனையில் அவன் தங்கை சாந்தம்மாள். தெற்கே மலையாள மலைமேல் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத்தில் வாக்கப்பட்டவள். அங்கே சிக்னல் மேகத்தோடு வந்து மேகத்தோடு போகும். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தேன். நிறையப் பறித்தேன்.

"அண்ணா, அம்மா எப்பிடி..." என்று தொடங்கிய குரல் கரகரத்து விட்டு விட்டு வந்தது.

"சாந்தா, அப்பறம் பேசறேன். இன்னிக்குக் கட்டைய எடுக்கோணும்."

"கட்டையவா? எப்பண்ணா?"

"வெடிகாலம்தான் பாத்தேன். தண்ணில மல்லாந்து கெடந்துச்சு."

"தண்ணிலயா! ஐயோ, ஆரும் பக்கத்துல இல்லியா?"

"ஆரும் பாக்குல. நாந்தான் மொதல்ல பாத்தேன்," என்றான் பெருமையாக. "ஆறு மணிக்குள்ள எடுத்தர்றேன். பொழுது உழுந்துட்டா எடுக்க முடியாது."

"நான் வர்றதுக்குள்ள எடுத்தராதீங்ண்ணா! ஒருக்கா மூஞ்சியப் பாத்துக்கறேன்!"

"அதுக்கு எதுக்கு அத்தன தூரத்துலருந்து வர்றே? எடுத்து வாட்ஸப்புல உட்டர்றேன். பெருசாக்கிப் பாரு, சுருக்கம் சுருக்கமா அத்தனையும் தெரியும்."

"வாட்ஸப்புலயா!" அழுகையினூடே அவள் கேட்டாள்: "எங்க வெச்சு எடுக்கறீங்க? ஊட்டுலதான?"

"ஊட்டுல வெச்சா பின்னால கண்டதும் தெரியும். டேம் கரைலயே எடுத்தர்றேன்."

"சனத்துக்கெல்லாம் சொல்லியாச்சா?"

"ஆரும் வேண்டாம் சாந்தா. கூட்டம் சேந்தா எடுக்க முடியாது. நான் ஒருத்தனே போயி எடுத்துட்டு வந்தர்றேன்."

"அடப் பாவி!" என்றது கைபேசி. அத்தோடு சிக்னல் போயிற்று.

"அவளுக்கு இதெல்லாம் புரியாது," என்றான் காளிச்சாமி, லென்ஸிடம்.

எனக்கு அப்போது உறைக்கவில்லை என்று எழுதினால் நம்புவீர்களா? நம்பாவிட்டால் போங்கள். சாந்தம்மாளை இரண்டு முறை திரும்பக் கூப்பிட்டேன். எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் மலையாளத்தில் சொன்னாள். மூன்றாம் முறை கூப்பிட்டேனா என்று மட்டும் கேட்காதீர்கள். காளிச்சாமியோ, கவனம் கலைந்துவிடும் என்று தன் கைபேசியை ஊமையாக்கினான். தான் படம் எடுப்பதைத் தானே படம் எடுக்க முருகேஸ்வரியின் கைபேசியையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். அந்த வீட்டுக்கும் உலகத்துக்கும் இருந்த தொடர்பு அத்துடன் அறுந்தது.

நாலரைக்கு அவன் வண்டியை எடுத்தபோது பொன்னாத்தாள் அரக்குப் பட்டுச்சேலை கட்டி, தலைவாரி, வாசலில் நின்றிருந்தாள். இரண்டு மணியிலிருந்தே நிற்கிறாள்.

"அங்கதான் வெளிச்சம் நல்லாருக்கும்னியேடா. நானும் வர்றேன்."

"அம்மா, அது வேலை."

"வாங்கத்தே, நாம ஆட்டோல போலாம்," என்றாள் முருகேஸ்வரி. "கட்டைக்குப் போக மிஞ்சின வெளிச்சம் நம்ம மேல கொஞ்சம் உழாதா?"

வீட்டைப் பூட்டினார்கள். ஆட்டோவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதை வீணாக்குவானேன் என்று நானும் ஏறினேன்.

கரையில் அந்தக் கட்டையைப் பார்த்தேன். ஆள் நீளம். வெயிலில் காய்ந்து நிறம் மாறிவிடக் கூடாது என்று காலையிலேயே கரைக்கு இழுத்துப் போட்டு, அதன் மேல் ஒரு வெள்ளை வேட்டியை நனைத்துத் தலையிலிருந்து கால்வரை போர்த்தியிருந்தான். வேட்டி பறக்காமலிருக்க நாலு மூலையிலும் கல். அதன் காலடியில் கேமராவோடு காளிச்சாமி, குப்புற.

பொன்னாத்தாளுக்கு டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டோம்.

"அம்மா, நெழல் உழுது. தள்ளு."

தள்ளினாள்.

"இன்னுங் கொஞ்சம்."

மறுபடியும் தள்ளினாள். மூன்றாம் முறை தள்ளியபோது நாற்காலியின் கால் சேற்றில் இறங்கிவிட்டது. அங்கிருந்தே கேட்டாள்: "ஏன்டா காளி, கட்டைல இருக்கற சுருக்கம் எம்மூஞ்சில இல்லியா?"

"அது வேற டெக்ஸ்ச்சரும்மா."

"என்னங்கறான்?"

"செத்துப் பத்து வருசம் தண்ணில கெடந்தாத்தான் அது வருமாமுங்கத்தே," என்றாள் முருகேஸ்வரி.

பொன்னாத்தாள் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐந்தரைக்கு வெளிச்சம் வந்தது. கூடவே ஒரு ஜீப்பும் இரண்டு வேனும் வந்தன.

ஏலக்காட்டிலிருந்து எல்லை தாண்டி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று சுற்றி மறுபடியும் எல்லை தாண்டி வந்த ஜீப். நிற்பதற்கு முன்பே சாந்தம்மாள் குதித்தாள். வழியிலேயே சிக்னல் கிடைத்த இடத்திலெல்லாம் செய்தி சொல்லியிருந்தாள். பூட்டிய வீட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. வேன்களிலிருந்து முப்பது பேர் மாலையும் கையுமாக இறங்கினார்கள். சாந்தம்மாள் கண்டது வெள்ளைத் துணி மூடிய ஆள் நீளத்தையும், அதன் காலடியில் விழுந்து கிடக்கும் அண்ணனையும்தான்.

"என்னப் பெத்த மகராசீ!" என்று ஓடிப்போய் அப்படியே அதன்மேல் விழுந்து கட்டிக்கொண்டாள்.

"சாந்தா! தொடாதே!" என்று அலறினான் காளிச்சாமி. "டெக்ஸ்ச்சர் போயிரும்!"

இறந்த வீட்டில் இப்படியொரு வார்த்தையை அந்த முப்பது பேரும் கேட்டதில்லை. ஒரு கணம் அழுகை நின்றது. அந்த அமைதியில், சேற்றில் புதைந்த நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆருடி போயிட்டா?"

சாந்தம்மாள் தலையைத் தூக்கினாள். வேட்டி விலகியிருந்தது, கன்னத்தில் மரத்தூள். "நீதாம்மா!"

"நானா?" பொன்னாத்தாள் சற்று யோசித்தாள். "எனக்கு ஆரும் ஒரு வார்த்த சொல்லல பாத்தியா."

சத்தம் கேட்டு அணைக்கட்டு வாச்சர் ஓடிவந்தார். "ஆரா மரிச்சது அம்மே?" என்று அவளிடமே கேட்டார்.

"ஞான் தன்னெ," என்றாள் பொன்னாத்தாள். இப்படியாக அவள் இரண்டு மொழியிலும் செத்தாள்.

மகளைக் கட்டிக்கொண்டு அழவிட்டு, தானும் அழுது, மூக்கைச் சிந்தி முடித்த பிறகு அவள் கண் கூட்டத்தின் பின்னால் மறைந்து நின்ற ஒருவர்மேல் விழுந்தது. எல்லையோரக் கோபாலபுரத்திலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன். அக்குளில் ஒரு ஜவுளிக்கடைப் பை. பிறந்த வீட்டுக் கோடி. தங்கச்சி பிணத்துக்குப் போர்த்த எடுத்த புதுச்சேலை. வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது, வெளியே எடுக்கவும் முடியாது. மனிதர் எண்பத்திரண்டு வயதில் திருதிருவென்று விழித்தார்.

"ஏனுங்ண்ணா, நான் செத்தாத்தான் எனக்குச் சேலை எடுப்பீங்களா?"

"இல்லீங் ஆத்தா... அது வந்து..."

"குடுங்க இங்க. நல்ல கலரு. உசுரோட இருந்திருந்தா நூல் சேலதான் எடுத்திருப்பீங்க."

முதலில் சிரித்தவள் முருகேஸ்வரி. பிறகு ஒவ்வொருவராக, கடைசியில் அந்த அண்ணனும். பொன்னாத்தாள் எழுந்து, சேற்றில் புதைந்த நாற்காலியை விட்டுவிட்டு, நேராகப் போய்க் கட்டையின் மேல் உட்கார்ந்தாள். "அந்த மாலையெல்லாம் எனக்கு வாங்கினதுதான? போடுங்க. நானே பாத்துக்கறேன்." சாமந்தி மாலைகள் காதுவரை ஏறின. அரக்குப் பட்டில் ஆறு மணி வெயில் விழுந்து நெருப்பாய் நின்றது. வாயைத் திறந்து, இருக்கிற நாலு பல்லும் தெரிய அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சத்தைப்போல இன்னொன்று இந்த ஜில்லாவில் அதற்கு முன் அடித்ததில்லை, இனி அடிக்கப்போவதுமில்லை.

"எடுங்கண்ணா! எடு!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

காளிச்சாமி எழுந்தான். சேற்றைத் துடைத்தான். கேமராவைக் கண்ணில் வைத்தான். மூன்று மாதம் கேட்ட படம்.

"அம்மா," என்றான், "கொஞ்சம் எந்திரி. கட்டை மறையுது."

சாந்தம்மாளின் புருஷன் ராக்கப்பன், ஏலத்தோட்டத்துக் கங்காணி, அதுவரை வாயே திறக்காத மனிதர், மச்சான் தோளைத் தொட்டார்.

"மச்சான், நீங்க அங்கிட்டுத் தள்ளுங்க. உங்க நெழலுல்ல விழுகுது."

தள்ளிவிட்டு, கண்ணாடி விரிசல் விட்ட தன் கைபேசியை நீட்டி ஒரே ஒரு முறை அமுக்கினார். வலம் வரவில்லை. எறும்பை ஊதவில்லை. படத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் பாதி விழுந்துவிட்டது.

பொன்னாத்தாள் ஆபரேஷனுக்குப் போகும்முன் அந்தப் படத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "அட, நல்லாத்தான இருக்கறேன்," என்றாள். செத்ததிலிருந்து பதினாறாம் நாள், காரியம் நடந்திருக்க வேண்டிய அன்று, வீட்டுக்குத் திரும்பிவந்து ரசம் புளிப்புப் போதவில்லை என்றாள். சட்டம் போடும் கடைக்காரர் கட்டைவிரலை வெட்டிவிடலாமா என்று கேட்டபோது, "இருக்கட்டும் சாமி. கட்டையில்லாம ஒரு படமான்னு எம்பையன் கேப்பான்," என்றாளாம். இப்போது புருஷனுக்குப் பக்கத்தில், அவருக்கு ஒரு அந்நியக் கை, இவளுக்கு ஒரு மருமகன் விரல் என்று, இருவரும் ஜோடியாகச் சுவரில் இருக்கிறார்கள். தான் போன பிறகு இந்தப் படத்துக்கு மாலை போடக் கூடாது என்பது அவளுடைய கண்டிப்பான உத்தரவு. அதான் ஏற்கெனவே போட்டாச்சே.

காளிச்சாமியும் அன்று மாலை ஒரு படம் எடுத்தான். எல்லோரும் வேன் ஏறப்போகும்போது, கடைசி வெளிச்சத்தில், குப்புற. 'மௌனம்' என்று பெயரிட்டு இணையத்தில் ஏற்றினான். இடது மூலையில் அரக்கு நிறத்தில் மங்கலாக ஒரு தீற்று; எழுந்து போன அவன் அம்மாவின் முந்தானை. அவன் இனத்தவர் ஒருவர் உடனே கீழே எழுதினார்: அருமை ப்ரோ, அந்தச் சிவப்பு மட்டும் உறுத்துகிறது.

காளிச்சாமி அதை வெட்டிவிட்டான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் கேமரா கிடையாது, மரக்கட்டையைக் கண்டால் அடுப்புதான் நினைவுக்கு வரும், அணைக்கட்டுப் பக்கமே போனதில்லை, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் கைபேசியை ஒருமுறை திறந்து விரலால் தள்ளிப் பாருங்கள். தோசை வரும். மழை பெய்த ஜன்னல் வரும். சூரியன் மறையும், மறுபடியும் மறையும், அதே சூரியன்தான். பூனை வரும், வாகனம் நிறுத்திய இடம் வரும். இன்னும் தள்ளுங்கள். உங்களைப் பெற்றவள் வருகிறாளா? தோசைக்குப் பின்னால் ஒரு முழங்கை தெரிகிறதே, அவள்தானா?

அவள் இப்போது பக்கத்து அறையில்தான் இருப்பாள். எழுந்து போய் ஒரு படம் எடுத்தால் என்ன?

பார்த்தீர்களா, ஜன்னலைத் திரும்பிப் பார்க்கிறீர்கள். வெளிச்சம் சரியில்லையோ?